ஜாஸ் கச்சேரியில் பேஸ்காரர் வாசிக்கும்போதுதான் உங்களுக்கு ஊர்க்கதை ஞாபகம் வருமா?

பேசுவதற்கு இந்த ஊரில் இடமா இல்லை? எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் டீக்கடை இருக்கிறது, பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது, கள்ளுக்கடை இருக்கிறது, எதுவுமே வேண்டாமென்றால் அவரவர் வீட்டுத் திண்ணை இருக்கிறது. அறுபது நாற்காலி போட்டாலே அடைந்துபோகிற ஒரு ஹாலில், மூன்று பேர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் தென்னந்தோப்புக் குத்தகைப் பாக்கியைப் பேசித் தீர்க்க வேண்டுமா?

விஷயம் இதுதான். வேலந்தாவளம் போகிற வழியில் மூடிக்கிடந்த ஒரு பழைய அரிசி மில்லைச் சுத்தம் செய்து, சின்னதாக மேடை போட்டு, மாதம் ஒரு கச்சேரி வைக்கிறார்கள். போன சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு ஜாஸ் ட்ரியோ, அதாவது மூவர் குழு. பியானோ, டபுள் பேஸ் (நிறுத்திவைத்து வாசிக்கிற ராட்சச வயலின் மாதிரி வாத்தியம்), டிரம்ஸ், அவ்வளவுதான். பாட்டுக்காரர் கிடையாது. இந்த மாதிரி ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் கொச்சிக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது பைக்கை எடுத்தால் கால் மணி நேரம். அதுவும் கீபோர்டு இல்லை, நிஜப் பியானோ. ஏதோ எஸ்டேட் பங்களாவில் தூசி படிந்து கிடந்ததை வாங்கி வந்தார்களாம். 88 கட்டை, உள்ளே 200க்கு மேல் கம்பி. மழைக்காலத்து ஈரத்தில் பலகை ஊதும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காயும், சுருதி ஒரு இடத்தில் நிற்காது. அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைத்து, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கம்பி கம்பியாக முறுக்கிச் சரிசெய்திருக்கிறார்கள். எதற்கு? முன்வரிசை அண்ணன் குத்தகைக் கணக்கு பேசும்போது பின்னணியில் ஓடுவதற்கு.

ஒரு ட்ரியோ எப்படி வாசிக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். முதலில் மூன்று பேரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் மெட்டுக்கு அடியில் ஓடுகிற கார்டு வரிசை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்களின் வரிசை, மட்டும் மாறாமல் சுற்றிச் சுற்றி வரும். அதன் மேல் பியானோக்காரர் அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசித்துக்கொண்டே போவார். அவர் முடித்ததும் பேஸ்காரர் முறை. அப்போது பியானோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடும், சில நேரம் முழுக்க நின்றுவிடும். டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுக் கம்பி பிரஷ்ஷை எடுப்பார். முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் வராது. ஹாலே தணிந்துவிடும். தணியத்தான் வேண்டும். டபுள் பேஸ் ஆள் உயரத்துக்கு நின்றாலும் அதன் குரல் சின்னது. மைக்கை ஏற்றிவிட்டால் போச்சு என்பீர்கள். அதன் வயிறு வெற்றுக்கூடு. கொஞ்சம் கூட்டினால் ஸ்பீக்கர் சத்தத்தையே திரும்ப வாங்கி ஊளையிட ஆரம்பித்துவிடும். சவுண்டுக்காரர் பாவம், என்ன செய்வார்?

சனிக்கிழமை அந்த பேஸ்காரர் காதைக் கழுத்துப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மேலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்கி ஒரு ஸ்வரத்தில் நின்றார். விரல் கம்பியில் உராய்வதுகூடக் கேட்டது. அடுத்து எங்கே போகப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து வருகிறது: "அவன் இருபத்தஞ்சு தர்றேன்னான், முப்பதுக்குக் கீழ பேச்சே இல்லன்னுட்டேன்." கூடவே ஒரு வெடிச்சிரிப்பு. தோளைத் தொட்டு, "அண்ணா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை, நிஜமான ஆச்சரியம்.

"இப்ப ஒண்ணும் வாசிக்கலைங்களே தம்பி?"

ஒன்றும் வாசிக்கவில்லையாம்! சத்தம் குறைந்தால் இடைவேளை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? நம் சபாக்கள்தான், வேறு யார். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் நாற்காலி நகர்கிற சத்தமும் கேன்டீன் பக்கம் போகிற செருப்புச் சத்தமும் கேட்காத ஊர் உண்டா? மிருதங்கக்காரர் காலம் காலமாக அனுபவித்ததை இப்போது பேஸ்காரர் அனுபவிக்கிறார். அதுவும் பாலக்காட்டு மண்ணில். கச்சேரிக்கு மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்ற மிருதங்க மேதை மணி ஐயரின் மண்ணில். கேட்கத் தெரியாத ஜனங்கள் என்றால்கூடப் போனால் போகிறது என்று விடலாம். நெம்மாரா வல்லங்கி வேலா என்கிற கோயில் திருவிழாவில் பங்குனி வெயிலில் நின்று, பஞ்சவாத்தியத்துக்குக் கையை உயர்த்தி ஒரு அட்சரம் பிசகாமல் தாளம் போடுவதும் இதே ஜனங்கள்தானே. அங்கே எவனாவது குத்தகை பேசுகிறானா? பேசினாலும் கேட்காது, அது வேறு விஷயம்.

வெளியே வந்து நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் விஷயம் தெரிந்தவர், அதுதான் பிரச்சினை. "வில்லேஜ் வேன்கார்டிலேயே பேசிக்கிட்டுத்தானே இருந்தாங்க" என்றார். ஆமாம், இருந்தார்கள். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் பூமிக்கடியில் இருக்கிற அந்தச் சின்ன கிளப்பில் பியானோக்காரர் பில் எவன்ஸின் ட்ரியோ வாசித்ததை ரெக்கார்டு செய்தார்கள். இன்றைக்குப் போட்டுக் கேட்டாலும் கண்ணாடி டம்ளர் இடிபடுவதும் பேச்சும் பின்னால் கேட்கும். சிலருக்கு அதுதான் அழகாம், சூழலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு 25 வயது. ஜூலை 6ஆம் தேதி கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த மூவர் கூட்டணியின் கடைசி ரெக்கார்டு அதுதான். பேஸ் என்றால் பின்னால் நின்று தாளத்தைத் தாங்குகிற வாத்தியம் என்பதை மாற்றி, பியானோவோடு எதிர்ப்பேச்சு பேச வைத்த ஆள் அவர். அவர் வாசிக்கும்போது என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று அந்த டம்ளர்க்காரர்களுக்கு மறுவாரம் ஞாபகம் இருந்திருக்குமா? இன்றைக்கு அதே வேன்கார்டில் வாசிப்பு நடக்கும்போது பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. நண்பர் இதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டார்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு முன்னால் ஒருவர் டார்ச்சை எரியவிட்டபடியே வீடியோ எடுத்தார். சரி, அதை விடுங்கள்.

பொன்னாடையை மட்டும் விட முடியாது. இரண்டாவது செட்டில் மெதுவான ஒரு உருப்படி. பியானோக்காரர் தனியாக ஆரம்பித்து, மற்ற இருவரும் எப்போது சேர்ந்தார்கள் என்றே தெரியாமல் சேர்ந்து, அப்போதுதான் சூடு பிடிக்கிறது. வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம். வெள்ளை வேட்டியில் ஒரு பிரமுகர், பின்னாலேயே நாலு பேர். வந்தவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தால் ஒரு குறையும் இல்லை. தொகுப்பாளர் ஓடிப்போய் மைக்கைப் பிடித்து, "நம் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. எல்லைப்புறத்தில் இருப்பதால் எதையும் இரண்டு முறை அனுபவிக்கிற பாக்கியம் எங்களுக்கு. பியானோக்காரர் கட்டையிலிருந்து கையை எடுக்கவும் முடியாமல் வாசிக்கவும் முடியாமல் சிரித்தார். பேஸ்காரருக்குப் பொன்னாடை போர்த்தப்போனார்கள்; நடுவில் அவ்வளவு பெரிய வாத்தியம். கடைசியில் வாத்தியத்துக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிரமுகர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அந்த உருப்படியை அவர்கள் திரும்ப எடுக்கவே இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் பின்பக்கம் மிக்சி. ஜூஸ் கவுன்டரை ஹாலுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பேஸ் சோலோவுக்கும் சப்போட்டா ஷேக்குக்கும் என்ன ஜென்மப் பொருத்தமோ, ஒன்று ஆரம்பித்தால் இன்னொன்றும் ஆரம்பிக்கிறது.

கச்சேரி முடிந்ததும் ஹாலை நடத்துகிறவரிடம் போய்ச் சண்டை போட்டேன். மிக்சியை நிறுத்துங்கள், பொன்னாடையைக் கடைசியில் வையுங்கள், வாசலில் நாலு வரி எழுதி மாட்டுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "டிக்கெட் காசு அவங்க வந்துபோற செலவுக்கே சரியாப்போச்சுங்க. ஷேக் வித்தாத்தான் எனக்குக் கரண்ட் பில்லு" என்றார். நியாயம்தான், மறுக்கவில்லை. அதற்குத்தானே ஐயா இரண்டு செட் என்று பிரித்து நடுவில் இடைவேளை விடுகிறார்கள்! அந்த இருபது நிமிடத்தில் நூறு ஷேக் விற்கட்டும், நானே இரண்டு குடிக்கிறேன். "பார்க்கலாங்க" என்றார். அந்தப் "பார்க்கலாங்க"வின் அர்த்தம் கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த மாதம் தனி கிடார், ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பாராம். முன்வரிசை அண்ணன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி இப்போதே நாலு டிக்கெட் எடுத்துவிட்டார்.