அணிக்கு இரண்டு மதிப்பெண் போதுமா?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் வஞ்சப்புகழ்ச்சி அணி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். புகழ்வது போலப் பழிப்பது, பழிப்பது போலப் புகழ்வது என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். சான்றுக்கு ஒரு குறளும் சொல்லும். சரி, அதை வைத்து யாரிடம் என்ன பேசிக் காரியம் சாதிக்கலாம் என்று கேட்டால் விழிக்கும். பிள்ளை மேல் தப்பில்லை, நாம் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் அப்படி.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். நம்ம வேலூரும் அந்தத் தொண்டை மண்டலத்தில் சேர்ந்ததுதான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை சொல்கிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்புக்கெல்லாம் நெய் பூசிக் காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, எப்போது பார்த்தாலும் கொல்லனின் சின்னக் கொட்டகையில் கிடக்கின்றன.

போருக்கு வராதே என்று ஒரு வார்த்தை கிடையாது. மிரட்டல் கிடையாது. எதிரியின் அரண்மனையில் நின்றுகொண்டு பேசுகிற தூதர் அவர். சொன்னதெல்லாம் மேலுக்குப் புகழ்ச்சி என்பதால் தொண்டைமான் கோபப்படவும் வழியில்லை. மிச்சத்தை அவனே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நெய் பூசிய காம்பையும் சிதைந்த நுனியையும் எடுத்துவிடுங்கள், அந்தப் பாட்டில் அணியே இருக்காது. எனக்கு இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும்.

நம் பக்கத்தில் இதற்குப் புத்தகம்கூட வேண்டாம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதலன்று சபையைப் பார்த்துத் திரௌபதி கேட்பாள்: தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மராலேயே நேராகப் பதில் சொல்ல முடியாத கேள்வி. எழுத்து வாசனை இல்லாத கிழவிகளும் அந்த வாதத்தின் பலத்தை அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் நம் மேடைகளும் துண்டறிக்கைகளும் அடுக்குமொழியோடு நின்றுவிடுகின்றன. "வறண்டது பாலாறு, இருண்டது வரலாறு" என்கிற மாதிரி. எதுகை மோனை எனக்கும் பிடிக்கும், காது தானாகத் திரும்பும். திரும்பிய காதுக்கு என்ன சொல்லப் போகிறோம்? நம் மாவட்டத்து டேனரிக் கழிவு வழக்கில் 1996ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பாருங்கள். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு முடிவு அதில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு எதுகையே தேவைப்படவில்லை.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அணி நடத்தும்போது பிள்ளைகளை ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். "எங்கள் தெருவிளக்குக் கம்பம் புது வர்ணத்தோடு கம்பீரமாக நிற்கிறது, அதைத் தாண்டிப் போக நாங்கள் டார்ச் எடுத்து வருகிறோம்" என்று ஒரு பிள்ளை எழுதினால், அது ஔவையிடம் பாடம் கேட்டுவிட்டது என்று அர்த்தம். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது, தெரியும். இருந்தாலும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள்.