பாடகரைக் குறை சொல்லும் முன்

பாம்பன் பக்கத் திருவிழாக் கச்சேரிகளில் பாட்டு எடுபடாததற்குப் பாடகர்களைக் குறை சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பெரும்பாலும் காற்றைக் கவனிக்காததுதான் காரணம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் மேடையின் முதுகு தென்மேற்கைப் பார்க்கணும். எதிர்க்காற்றில் சத்தம் மேலே வளைந்து போய்விடும், பின்வரிசைக்கு வார்த்தை விளங்காது. உடனே வால்யூமை ஏற்றுவார்கள், மைக் ஊளையிடும். ஸ்பீக்கர் மைக்கைவிடக் கூட்டத்தின் பக்கம் முன்தள்ளி இருக்கட்டும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். 34 மீட்டர் தள்ளி இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் வைத்தால் அதற்கு 100 மில்லிசெகண்ட் டிலே (சத்தம் அவ்வளவு தாமதித்து வரும்படி) கொடுக்கணும், இல்லையென்றால் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை கேட்கும். உப்புக்காற்றில் கேபிள் ஜாக் பச்சை பூத்துக் கரகரக்கும், மத்தியானமே கழற்றித் துடைத்துவிடுங்கள். தபேலா, கீபோர்டு, பாடகர் மூன்றையும் சேர்த்து ஒரு முழுப்பாட்டு சோதிக்க நேரம் தராமல் மேடையேற்றுவது கமிட்டி செய்கிற அநியாயம்.