துரையப்பாவில் சர்வதேச கிரிக்கெட்? முதலில் அகலத்தை அளவுங்கோ

'2016இல் இந்தியா திருத்தித் தந்த யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு இருக்க, பக்கத்துத் தீவான மண்டைதீவில் ஏன் புது கிரிக்கெட் மைதானம்? கதிரையைக் கூட்டினால் சர்வதேச கிரிக்கெட் ஆடலாம்' என்பது பிழை. சிக்கல் கதிரையில்லை, அகலம். ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் பேரவை) விதிப்படி ஆடுகளத்துக்கு (நடுவில் உள்ள பிட்ச்) குறுக்கே எல்லைக்கு எல்லை குறைந்தது 137.16 மீற்றர் வேணும். அதிலும் ஆடுகள நடுவிலிருந்து கிட்டின பக்க எல்லை 59.43 மீற்றருக்குக் குறையக்கூடாது. துரையப்பா ஓட்டப்போட்டிக்கும் உதைபந்துக்குமான அரங்கு; தரமான 400 மீற்றர் ஓடுபாதையோ, எட்டு ஓடுதடமும் சேர்த்தே கிட்டத்தட்ட 92.5 மீற்றர் அகலந்தான். நீளம் காணும், அகலம் காணாது. அதோட, நடுவில் உருளை போட்டு இறுக்கின களிமண் ஆடுகளத்தில் உதைபந்துச் சப்பாத்து ஏறினால் மேற்பரப்பு கிண்டுப்பட்டு, பந்து எகிறுறது ஒரு சீராய் இராது.

மண்டைதீவில் கேட்க வேண்டியது வேற: தாழ்ந்த நிலம், மாரி வெள்ளம் எந்தப் பக்கத்தால் வடியும்?