பத்து சிலிண்டர் கேட்ட புண்ணியவானே!

மறுபடியும் பி37. மெயின்ஃப்ரேம் கணினியில் கோப்புக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துபோய் ஜாப் பாதியில் விழுகிற பிழை அது. மாதக் கடைசி, நாகர்கோவிலில் கொட்டுகிற மழை, மின்சாரம் போய் இன்வெர்ட்டர் முனகுகிறது. நடுச்சாமத்தில் போன். ஜாப்பின் செய்திகள் சேர்கிற ஸ்பூலைத் திறந்தால் அதே ஸ்டெப், அதே கோப்பு, இடம் போதவில்லை என்கிற அதே ஐஇசி030ஐ செய்தி.

ஜாப்புக்கு எந்தக் கோப்பு, எவ்வளவு இடம் என்று எழுதி வைக்கிற ஜேசிஎல்லைப் பார்க்கிறேன். முதலில் ஒதுக்குகிற பிரைமரி 10 சிலிண்டர் (கேஸ் இல்லை, டிஸ்க் இடத்தின் அளவு), அது நிரம்பினால் ஒவ்வொரு தடவையும் சேர்க்கிற செகண்டரி 1. ஒன்றே ஒன்று! என்ன தாராளம்! இந்த வகைக் கோப்புக்கு ஒரு வால்யூமில், அதாவது ஒரு டிஸ்க்கில், 16 எக்ஸ்டென்ட்தான், அதாவது 16 துண்டு இடம்தான். முதலில் 10, பிறகு ஒவ்வொன்றாகப் 15. ஆக 25 சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 15 டிராக், ஒரு டிராக்குக்கு 56,664 பைட். மொத்தம் 21 எம்பி சொச்சம். கல்யாண வீட்டிலிருந்து என் சித்தி அனுப்புகிற வீடியோகூட இதைவிடப் பெரியது. இதற்குள் ஒரு நிறுவனத்தின் மாதக் கணக்கு முழுவதும் அடங்க வேண்டுமாம். பத்து சென்ட் மனை வாங்கிவிட்டு, சுவர் எழும்ப எழும்பப் பக்கத்து நிலத்துக்காரரிடம் பதினைந்து தடவை போய் ஒவ்வொரு சென்ட்டாகக் கேட்பவனை ஊரில் என்ன சொல்வார்கள்?

மேலதிகாரியிடம் கேட்டேன்: "சார், செகண்டரியை 50 ஆக்கிவிடலாமா?"

"தம்பி, இன்றைக்கு மட்டும் மாற்றி ஓடவிடு. நிரந்தரமாக மாற்ற அனுமதி வாங்க வேண்டும். காலங்காலமாக ஓடுகிற ஜாப், கை வைக்காதே."

ஓடுகிறதா? எங்கே ஓடுகிறது? மாதாமாதம் விழுகிறது, நான் தூக்கி நிறுத்துகிறேன். அதற்குப் பெயர் ஓட்டமா?

சரி, இன்றைக்கு மட்டும் என்று பிரைமரியை 300 ஆக்கிக் கொடுத்தால், எல்லா ஜாப்புக்கும் பொதுவான டிஸ்க் பூலில் இடமே இல்லையாம்! யார் தின்றது என்று தேடினேன். கிடைத்தார் இரண்டாவது மகான். ஒரு ரிப்போர்ட்டுக்கு 2,000 சிலிண்டர், அதாவது 1.7 ஜிபி, வளைத்துப் போட்டிருக்கிறார். உள்ளே தலைப்பு ஒரு வரி, 'பதிவுகள் இல்லை' என்று ஒரு வரி. ஜேசிஎல்லில் ஆர்எல்எஸ்இ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், கோப்பை மூடும்போதே மிச்ச இடம் திரும்பி வந்திருக்கும். அதைத் தட்டுவதற்குள் அவருக்கு விரல் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

மூன்றாமவரையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் சைஸை, அதாவது டிஸ்க்கில் ஒரு கட்டாக எழுதுகிற தரவின் அளவை, 0 என்று விட்டால் சிஸ்டமே நல்ல அளவைப் பார்த்துக்கொள்ளும். இவர் 80 பைட் என்று எழுதி வைத்திருக்கிறார். டிராக்கில் ஒன்பதில் ஒரு பங்குதான் தரவு, மிச்சமெல்லாம் வெறும் இடைவெளி.

விடிகிற நேரத்தில் ஜாப் முடிந்தது. "நன்றி" என்று ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய?

அது கிடக்கட்டும். பாறை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற இந்த டாரஸ் லாரிகளை யாராவது தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லமாட்டீர்களா? தக்கலையைத் தாண்டும்போது என் ஹெல்மெட்டில் ஒரு கல் வந்து விழுந்தது. ஹாரன் அடித்தால் டிரைவர் என்னைத்தான் முறைக்கிறார்!