அங்கே முதலில் இருந்தது பார்க்

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவின் பிக்னிக்கில், இங்கே பஃபலோவில் கென்சிங்டன் எக்ஸ்பிரஸ்வே ஓடும் பள்ளத்துக்கு மூடி போட்டு, அதன்மேல் பார்க் அமைக்கும் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். சாப்பிடுகிற இடத்தில் சண்டை வேண்டாமென்று பேசாமல் வந்துவிட்டேன். "ரோட்டுக்கு மூடி போட 100 கோடி டாலரா? அந்த ஏரியாவுக்கு எதுக்கு பார்க்?" என்று ஒருவர் கேட்டதைவிட, சுற்றி நின்றவர்கள் தலையாட்டியதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

அங்கே முதலில் இருந்தது பார்க். ரோடு பின்னால் வந்தது. 1868இல் பஃபலோவுக்கு வந்த பூங்கா வடிவமைப்பாளர் ஓம்ஸ்டெட், தன் கூட்டாளி வாக்ஸோடு சேர்ந்து இங்கே பூங்காக்களை மரம் சூழ்ந்த அகலச் சாலைகளால் ஒன்றோடொன்று கோத்தார். அமெரிக்காவிலேயே இப்படி அமைந்த முதல் ஊர் இது. அப்படிப்பட்ட சாலைகளில் ஒன்றான ஹம்போல்ட் பார்க்வே அன்று 200 அடி அகலம். நடுவில் புல்தரை, வரிசை வரிசையாக மரங்கள். டெலவேர் பூங்காவிலிருந்து இன்றைய மார்ட்டின் லூதர் கிங் பூங்கா வரை நிழலிலேயே நடக்கலாம். கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வீடு வாங்கிக் குடியேறிய காலத்தில்தான் மரங்களை வெட்டி, பள்ளம் தோண்டி, கென்சிங்டன் எக்ஸ்பிரஸ்வேயை இறக்கினார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஓர் அம்மா அந்தத் தெருவில் பிறந்தவர். ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஜன்னல் விளிம்பில் வெள்ளைத் துணியை வைத்து ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார். துணி முழுக்கக் கரி. "காலையில்தான் துடைத்தேன்" என்றார்.

"ரோட்டையே எடுத்துவிட்டால் டவுன்டவுனுக்கு எப்படிப் போவது?" என்பீர்கள். பத்து நிமிஷம் கூட ஆகட்டும், போங்கள். மூடி போட்டு ரோடு குகைப்பாதையானால் புகை இரண்டு முனையிலும் வெளியேறும், பள்ளத்தையே மண் போட்டு மூடுங்கள் என்று அந்தப் பகுதி மக்களிலேயே பலர் எதிர்க்கிறார்கள். அது நியாயமான கேள்வி, அதைப் பேசலாம். "அந்த ஏரியாவுக்கு எதுக்கு" என்பது கேள்வியே இல்லை.

பிட்வெல் பார்க்வேயும் அதே ஓம்ஸ்டெட் போட்டதுதான். சனிக்கிழமை சந்தையில் தக்காளி வாங்கி, மரத்தடியில் போட்டோ எடுத்துப் போடுகிறோமே, அங்கே யாராவது எதுக்கு என்று கேட்டோமா? நம் பிள்ளைகள் சைக்கிள் பழகியது டெலவேர் பூங்காவில். அதைக் கிழித்துக்கொண்டு போகும் ஸ்கஜாக்வாடா சாலையிலிருந்து 2015இல் கார் பாய்ந்து ஒரு குழந்தை இறந்ததும், வேகத்தை உடனே 30 மைலாகக் குறைத்தார்கள். கிழக்கே ஹம்போல்ட் பார்க்வே பக்கம் இருப்பவர்கள் மட்டும் இத்தனை வருஷமாகக் காத்திருக்க வேண்டும், அப்படித்தானே?

நாமும் இந்த நாட்டுக்கு வந்து வீடு தேடியவர்கள். நம்மைப் பற்றி யாராவது "அந்த ஆளுங்க" என்றால் எப்படிக் கொதிக்கிறோம்!

"நாங்க டேக்ஸ் கட்டுறோம்" என்று கமென்ட் வரும். அந்த அம்மாவும் வாழ்நாளெல்லாம் கட்டினார். இதற்காகக் குழுவிலிருந்து என்னை எடுப்பதானால் தாராளமாக எடுங்கள்.