பீரங்கியை மூடிய தொப்பி

போலந்தின் வ்ரோட்ஸ்வா நகருக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த புதிதிலேயே பார்த்திருக்க வேண்டிய ராட்ஸ்வாவித்ஸே பனோரமாவைப் போன சனிக்கிழமைதான் பார்த்தேன். 1794 எழுச்சியில் ராட்ஸ்வாவித்ஸே என்ற ஊரில் போலந்துக்காரர்கள் ரஷ்யப் படையை வென்ற சண்டையைக் காட்டும், 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளத்தில் ஒரே ஓவியம். வட்டமாக நம்மைச் சுற்றி நிற்கிறது. நடு மேடைக்கும் ஓவியத்துக்கும் இடையில் நிஜ மண், நிஜச் செடி, மரக்கட்டைகள். எந்த இடத்தில் மண் முடிந்து சாயம் தொடங்குகிறது என்று கண் தடுமாறிப் போகிறது.

எல்லாரும் அதிக நேரம் நின்றது ஒரே இடத்தில்தான். வெள்ளை மேலங்கி போட்ட குடியானவர்கள் கையில் நெடிய அரிவாள்களோடு ரஷ்யப் பீரங்கிகள் மேல் பாய்கிறார்கள். நானும் அங்கேதான் நின்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது, மறைக்க ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் போலந்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன்: "அந்த அரிவாள்காரர்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" முதலில் பீரங்கியைப் பிடித்தவர் பெயர் பர்தோஷ் குவோவாட்ஸ்கி, அவரை அதிகாரியாக்கினார்கள் என்றார். "மற்றவர்களுக்கு?" சற்று யோசித்துவிட்டு, "ஊருக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்" என்றார். அந்தப் பதில் என்னை விடவில்லை. இந்த வாரம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து படித்ததைத்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1772-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து போலந்தின் ஓரங்களைப் பிய்த்துக்கொண்டன. மிஞ்சிய நாடு விழித்துக்கொண்டு 1791 மே 3-ல் நல்லதொரு அரசியல் சட்டம் எழுதியது. அது பிடிக்காத பெரும் பிரபுக்கள் சிலர் தர்கோவித்ஸா கூட்டணி என்ற பெயரில் ரஷ்யப் பேரரசி கேத்தரினை உதவிக்கு அழைத்தார்கள். 1792-ல் போர். போலந்து மன்னர் ஸ்தனிஸ்வாவே எதிரிப் பக்கம் சாய்ந்தார். 1793-ல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் இரண்டாம் தடவை பங்கு போட்டன. மிச்சமிருந்த போலந்துப் படையையும் குறைக்கச் சொன்னார்கள். 1794 மார்ச்சில் மதலின்ஸ்கி என்ற படைத்தலைவர், என் ஆட்களைக் கலைக்க மாட்டேன் என்று மறுத்துத் தன் குதிரைப்படையோடு தெற்கே கிளம்பினார். அதுதான் பொறி. மார்ச் 24-ம் தேதி கிராகோவ் சந்தைச் சதுக்கத்தில் தடேயுஷ் கோஷ்சூஷ்கோ தலைமைத் தளபதியாகச் சத்தியம் செய்தார்.

கோஷ்சூஷ்கோ அமெரிக்க விடுதலைப் போரில் கோட்டை கட்டிய பொறியாளர். சரடோகாவிலும் வெஸ்ட் பாயிண்டிலும் அவருடைய கைவேலை உண்டு. பயிற்சி பெற்ற படை மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். ஐந்து வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டார். துப்பாக்கி இல்லையென்றால் அரிவாள் கொண்டு வா என்றார்.

நம்மூர்க் கதிர் அரிவாளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்களுடையது ஆள் உயரக் கம்பில் பூட்டி, நின்றபடியே வீசிப் புல் அறுக்கும் நீண்ட அலகு. குறுக்காக இருக்கும் அலகை நிமிர்த்திக் கம்புக்கு நேராகப் பூட்டினால் போர்க் கருவி. அதற்குக் கிராமத்துக் கொல்லன் பட்டறையே போதும்.

ஏப்ரல் 4, ராட்ஸ்வாவித்ஸே. ரஷ்யத் தளபதி தர்மாசோவிடம் சுமார் 3,000 பேர், 12 பீரங்கிகள். கோஷ்சூஷ்கோவிடம் 4,000 படைவீரர்கள், கூட 2,000 அரிவாள்காரர்கள். இன்னொரு ரஷ்யப் படை வந்து சேர்வதற்குள் முடித்தாக வேண்டும். பள்ளத்தில் மறைத்து வைத்திருந்த குடியானவர்களில் முன்னூறு பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு கோஷ்சூஷ்கோவே பீரங்கி வரிசையை நோக்கி ஓடினார். பீரங்கிக்காரர்களுக்குத் திரும்பத் திரும்பச் சுட அவகாசம் கிடைக்கவில்லை. எரியும் திரியின் மேல் தன் தொப்பியைப் போட்டு ஒருவர் அணைத்தார் என்று சொல்கிறார்கள். அவர்தான் ரெண்டோவித்ஸே கிராமத்துப் பண்ணையாள் வோய்சியெக் பர்தோஷ். குவோவாட்ஸ்கி என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான். 12 பீரங்கிகளும் பிடிபட்டன. கோஷ்சூஷ்கோ குடியானவர்களின் மேலங்கியையே தானும் போட்டுக்கொண்டார்.

ராணுவக் கணக்கில் பார்த்தால் இது பெரிய வெற்றியில்லை. எதிரியைத் துரத்திப் போக முடியவில்லை. ஆனால் செய்தி பரவியது. ஏப்ரல் 17-ல் வார்சா எழுந்தது. செருப்புத் தைக்கும் தொழிலாளி யான் கிலின்ஸ்கி நகர மக்களைத் திரட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். இரண்டு நாள் தெருச் சண்டையில் ரஷ்யப் படை நகரை விட்டு ஓடியது. சில நாளில் லித்துவேனியாவின் வில்னா நகரும் எழுந்தது.

இங்கேதான் என் வருத்தம் தொடங்குகிறது.

பர்தோஷுக்குப் பரிசாக என்ன கொடுத்தார்கள்? படைக்கொடி தாங்கும் அதிகாரிப் பதவி. அதோடு, அவருடைய ஆண்டை அவரைப் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தார். இதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நாட்டின் விடுதலைக்காகப் பீரங்கி வாயில் கை வைத்த மனிதர், கை வைத்த நிமிஷத்தில் இன்னொருவருடைய ஆள். பக்கத்தில் ஓடி வந்தவர்களும் அப்படித்தான். சண்டை முடிந்த பிறகும் அவர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

அன்றைய போலந்துக் கிராமத்தில் குடியானவன் தன் துண்டு நிலத்தில் பயிர் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாகப் பிரபுவின் நிலத்தில் வாரத்தில் இத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள், சில இடங்களில் ஐந்து ஆறு நாள்கூட. அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. பெருமையாகப் பேசப்படும் மே 3 அரசியல் சட்டம்கூடக் குடியானவர்களைச் "சட்டத்தின் பாதுகாப்பில்" எடுத்துக்கொள்வதாகச் சொன்னதே தவிர, இந்தக் கட்டை அவிழ்க்கவில்லை.

கோஷ்சூஷ்கோ இதை அறியாதவர் அல்லர். அரிவாளோடு முகாமுக்குப் போனவன் பங்கு வேலையையும் அவன் மனைவி மக்கள் தலையில் கட்டினார்கள் பண்ணைக்காரர்கள். அந்தக் கொடுமையைக் கண்டித்து எழுத வேண்டிய நிலை தளபதிக்கு வந்தது. மே 7-ம் தேதி, விஸ்துலா கரையில் போவானியெட்ஸ் முகாமிலிருந்து ஒரு பிரகடனம் வெளியிட்டார். என் கணக்கில் இந்த எழுச்சியின் மிகப் பெரிய நாள் அதுதான். ராட்ஸ்வாவித்ஸே அதற்கு அடுத்ததுதான்.

அதில் என்ன இருந்தது? குடியானவன் தன் உடலுக்குத் தானே சொந்தக்காரன். கடனையும் வரியையும் தீர்த்துவிட்டு, அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு, எங்கு வேண்டுமானாலும் போகலாம். கடமையைச் செய்கிறவரை அவன் நிலத்தைப் பிடுங்க முடியாது. வாரம் ஐந்து ஆறு நாள் ஊழியம் செய்தவனுக்கு இரண்டு நாள் குறைப்பு, மூன்று நாலு நாள் செய்தவனுக்கு ஒரு நாள் குறைப்பு. ஆயுதம் ஏந்தியிருக்கும் காலம் முழுக்க ஊழியமே கிடையாது. தேவாலயப் பிரசங்க மேடையிலிருந்து பாதிரிமார்கள் இதை மக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் முழுச் சட்டம் இல்லை. ஊழியம் குறைந்தது, ஒழியவில்லை. நிலம் கைக்கு வரவில்லை. அதை நிறைவேற்ற வேண்டிய மாவட்டக் குழுக்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அதே நிலப்பிரபுக்கள். பல ஊர்களில் பிரகடனம் மக்கள் காதுக்கே போகவில்லை. போன ஊர்களிலும் பண்ணைக்காரர்கள் தட்டிக்கழித்தார்கள். அறுவடைக் காலம் வருகிறது, ஆளை விட முடியாது என்றார்கள். நாடு போனாலும் பரவாயில்லை, கதிர் வீட்டுக்கு வந்தால் போதும் என்று நினைத்த ஒரு கூட்டத்தை நம்பித்தான் அந்த எழுச்சி நடந்தது. எல்லாப் பிரபுக்களையும் சொல்லவில்லை. சொத்தையும் உயிரையும் கொடுத்தவர்கள் அவர்களிலும் நிறையப் பேர். ஆனால் கோஷ்சூஷ்கோவின் கையைக் கட்டிப்போட்டது யார் என்று கேட்டால், கேத்தரினுக்கு முன்னால் இவர்களைத்தான் சொல்வேன்.

ஜூன் 6-ல் ஷ்செகோச்சினி. ரஷ்யர்களோடு மட்டும்தான் மோதப் போகிறோம் என்று நினைத்த இடத்தில் பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் வில்லியம் தன் படையோடு வந்து நின்றார். தோல்வி. பர்தோஷ் குவோவாட்ஸ்கி அந்தக் களத்தில் பட்ட காயத்தால் இறந்துபோனார். ஏப்ரல் 4-லிருந்து எண்ணினால் அவர் சுதந்திர மனிதராக வாழ்ந்தது சுமார் இரண்டு மாதம்.

அதற்குப் பிறகு கிராகோவ் பிரஷ்யர்கள் கையில் விழுந்தது. வார்சாவைச் சுற்றி முற்றுகை. ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நகர மக்கள் மண்வெட்டியோடு கரை கட்டிக் காத்தார்கள். முதுகுக்குப் பின்னால் பெரும்போலந்துப் பகுதியிலும் கிளர்ச்சி வெடித்ததால் பிரஷ்யர்கள் முற்றுகையை விட்டுப் போனார்கள். மகிழ்ச்சி ஒரு மாதம்தான். அக்டோபர் 10-ல் மாச்சேயோவித்ஸே. ஃபெர்சனின் ரஷ்யப் படையைத் தடுக்கப் போன கோஷ்சூஷ்கோ, எதிர்பார்த்த துணைப்படை நேரத்துக்கு வந்து சேராமல், படுகாயத்தோடு சிறைபிடிக்கப்பட்டார். "போலந்து முடிந்தது" என்று சொல்லிக்கொண்டே விழுந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவரே பிற்பாடு மறுத்தார். தயவுசெய்து அந்த வசனத்தை அவர் வாயில் திணிக்காதீர்கள்.

நவம்பர் 4-ஐப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. விஸ்துலாவுக்குக் கிழக்கே, வார்சாவுக்கு எதிர்க்கரையில் இருந்தது பிராகா. ரஷ்யத் தளபதி சுவோரோவின் படை விடியலில் தாக்கிச் சில மணி நேரத்தில் அரண்களை உடைத்தது. பிறகு வீடு வீடாகப் புகுந்தது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று பார்க்கவில்லை. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். எதிர்க்கரையிலிருந்து வார்சா மக்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வில்னாவை எழுப்பிய இளம் தளபதி யாகூப் யசின்ஸ்கி அங்கேதான் விழுந்தார். பெரெக் யோசெலெவிச் என்ற யூதர் திரட்டிய சுமார் 500 பேர் கொண்ட யூதக் குதிரைப்படையும் அநேகமாக அங்கேயே அழிந்தது. தங்களுக்குச் சம உரிமை தராத ஒரு நாட்டுக்காகச் செத்தவர்கள் அவர்களும். மறு ஆண்டு மூன்றாம் பங்கீடு. அதோடு 1918 வரை, 123 வருஷம், போலந்து என்ற நாடு வரைபடத்தில் இல்லை.

இதை நேற்று சுருக்கமாக எழுதியபோது ஒரு நண்பர் கேட்டார்: மூன்று வல்லரசுகள் சூழ்ந்து நிற்கும்போது பண்ணை ஊழியத்தை ஒழித்திருந்தால் மட்டும் ஜெயித்திருப்பார்களா? நியாயமான கேள்வி. ஜெயித்திருப்பார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதற்குப் பிறகு இதே மண்ணில் நடந்ததைப் பாருங்கள்.

1846 பிப்ரவரியில் கிராகோவில் மறுபடி ஒரு எழுச்சி. இந்தத் தடவை புரட்சி அரசு ஊழியத்தை முழுசாக ஒழிப்பதாகவே அறிவித்தது. அறிவிப்பை நம்ப ஆள் இல்லை. கிழக்கே தர்னோவ் வட்டாரத்தில், ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்ட கிராமங்களில், குடியானவர்கள் அரிவாளைத் தூக்கினார்கள். பாய்ந்தது சொந்தப் பிரபுக்கள் மேல். சுமார் ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கான மாளிகைகள் சூறையாடப்பட்டன. ஆஸ்திரிய அதிகாரிகள் தூண்டினார்கள் என்பார்கள். தூண்டியிருக்கட்டும். காய்ந்து கிடக்காத வைக்கோலில் தீ பிடிக்குமா?

1863 ஜனவரி எழுச்சியில் போலந்துத் தலைவர்கள் முதல் நாளே நிலத்தைக் குடியானவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதையும் ரஷ்யப் பேரரசர் முந்திக்கொண்டார். 1864-ல் அலெக்சாண்டர் தன் ஆணையால் அந்த நிலத்தை அவர்களுக்கே சொந்தமாக்கி, எழுச்சியின் காலடி மண்ணை வாரிக்கொண்டு போனார். போவானியெட்ஸில் சொந்த ஆட்கள் அரைகுறையாகக் கொடுத்ததை, எழுபது வருஷம் கழித்து அந்நியன் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டான்.

கோஷ்சூஷ்கோ மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை, கூடித்தான் போனது. ரஷ்யச் சிறையிலிருந்து வெளிவந்து மறுபடி அமெரிக்கா போன அவர், 1798-ல் ஒரு உயில் எழுதினார். தன் பணத்தை வைத்துக் கறுப்பின அடிமைகளை வாங்கி விடுவித்துப் படிக்க வையுங்கள் என்று நண்பர் ஜெஃபர்சனிடம் கொடுத்தார். ஜெஃபர்சன் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1852-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அந்த உயில் செல்லாமல் போனது. 1817-ல், சுவிட்சர்லாந்தின் ஸோலோதுர்ன் நகரில் கண்மூடுவதற்குச் சில மாதம் முன்னால், தன் சொந்தக் கிராமத்துப் பண்ணையாட்களையும் விடுவிக்கச் சொல்லி எழுதினார். அந்த மனிதரின் பெயரை ஆஸ்திரேலியாவின் உயர்ந்த சிகரத்துக்கு வைத்திருக்கிறார்கள், சரிதான். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க எதை முடிக்க முயன்றாரோ அது ஓவியத்துக்குள் வரவில்லை.

அரிவாள்காரர்களின் படைக்கொடியில் இரண்டே வினைச்சொற்கள். தமிழில் சொன்னால்: "உணவூட்டுகிறார்கள், காக்கிறார்கள்." எவ்வளவு அழகான வாசகம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அந்த "கிறார்கள்" உறுத்தியது. ஊட்டுகிறோம், காக்கிறோம் என்று கொடி பிடித்தவர்களே சொல்வதாக அது எழுதப்படவில்லை. அவர்களைப் பார்த்து வேறு யாரோ சொன்ன வாக்கியம் அது.

வருகிற மே 7-ம் தேதிக்கு லீவு சொல்லியிருக்கிறேன். போவானியெட்ஸில் கோஷ்சூஷ்கோ பெயரில் ஒரு மண்மேடு இருக்கிறதாம். சிறிய ஊர், இங்கிருந்து தூரமும் அதிகம். கிராகோவில் இருக்கும் நண்பர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.