சிங்கப்பூர் உணவகங்களே, முழு விலையை எழுதுங்கள்

மெனு அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு கூட்டல் குறி. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும், எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு கார்டை நீட்டுகிறோம், எனக்கு இனிமேல் முடியவில்லை. ஒரு கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம். இன்னொன்று 9 சதவீத ஜிஎஸ்டி. சரி, மொத்தம் 19 என்று நினைப்பீர்கள். இல்லை. முதலில் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அப்புறம் அந்த மொத்தத்தின் மேல் வரி போடுவார்கள். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) சாப்பிட்டால் 110, அதன் மேல் 9 சதவீதம், கடைசியில் கையை விட்டுப் போவது 119 வெள்ளி 90 காசு. பரிமாறியதற்கு அவர்கள் வாங்கும் கூலிக்கும் நானே வரி கட்டுகிறேன். போட்டிருக்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மேலே ஏற்றிவிட்டு, ஏற்றுவதற்கு முந்தைய விலையை மட்டும் பெரிதாக அச்சடிக்க இந்த ஒரு தொழிலுக்கு ஏன் அனுமதி?

அனுமதி இருக்கிறது, அதுதான் கொடுமை. இந்த ஊரில் கடையில் விலை போட்டால் ஜிஎஸ்டி சேர்த்த விலையைத்தான் போட வேண்டும் என்பது விதி. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் பால் எடுத்தால் அட்டையில் இருப்பதுதான் பில்லில் வரும். செருப்பு வாங்கினாலும் அப்படித்தான், முடி வெட்டிக்கொண்டாலும் அப்படித்தான். சேவைக் கட்டணம் வசூலிக்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டும் விலக்கு. அவர்கள் வரி சேர்க்காத விலையைப் போட்டுவிட்டு, வரி தனி என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். ஏன் என்று கேட்டால், உட்கார்ந்து சாப்பிட்டால் சேவைக் கட்டணம் உண்டு, பார்சலுக்குக் கிடையாது, ஒரே பொருளுக்கு இரண்டு விலை போடுவது கடைக்காரருக்குச் சிரமமாம். ஜிஎஸ்டி 1994-ல் 3 சதவீதத்தில் ஆரம்பித்தது, அப்போது அட்டையை அச்சடித்துத் தைத்து வைத்திருந்த காலத்தில் இந்தச் சாக்கு ஓரளவுக்கு எடுபட்டிருக்கலாம். இன்றைக்குப் பாதி கடைகளில் மெனுவே என் போனில்தான் திறக்கிறது. திறந்ததும் முதல் கேள்வியே ‘இங்கேயா, பார்சலா’ என்பதுதான். நான் பதில் சொன்ன அந்த நொடியே முழு விலையையும் காட்ட எந்தச் சிரமமும் இல்லை. காட்டினால் ஆர்டர் குறையும் என்று தெரியும், அதனால் காட்டுவதில்லை.

ஜிஎஸ்டி 2023 ஜனவரியில் 7-லிருந்து 8 ஆனது, 2024 ஜனவரியில் 9 ஆனது. அப்போது மற்ற கடைக்காரர்கள் எல்லாம் விலை அட்டையை மாற்றி, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து விலை ஏறியதைச் சொல்ல வேண்டியிருந்தது. உணவகம் எதையும் மாற்றத் தேவையில்லை. அதே அட்டை, அதே எண்கள், 117.70 ஆக இருந்தது 119.90 ஆகிவிட்டது.

என் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல இடத்தில் உட்கார வைத்து, ஏசியில், அவசரமில்லாமல் சாப்பிட வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பா காலம் முழுக்க மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர், பார்க்கிற எண்ணையெல்லாம் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வருவார், விடச் சொன்னாலும் விடமாட்டார். ஒரு வெள்ளிக்கு 65, 70 ரூபாய் என்று ஓடிய நேரத்தில் அவருக்கு ஒவ்வொரு தட்டும் நெஞ்சில் குத்தியது, அது தெரிந்தும் “விலையைப் பார்க்காதீங்கப்பா” என்று சொல்லிச் சொல்லி ஆர்டர் செய்ய வைத்தேன். 80 வெள்ளி என்று அவர் கூட்டி வைத்திருந்தார். பில் 95 வெள்ளி 92 காசு. “கணக்கு தப்பா இருக்குப்பா, அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லு” என்றார். தப்பு இல்லை என்று நான் விளக்கினேன், ஒவ்வொரு கூட்டலாக. முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த விலையையே போட வேண்டியதுதானே?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பதினாறு வெள்ளி போனது போகட்டும். அதற்கப்புறம் அவர்கள் ஊருக்குக் கிளம்பும் வரை எந்த உணவகத்துக்கும் வர மறுத்துவிட்டார்கள், அம்மா வீட்டிலேயே ரசம் வைத்துவிட்டார். பெற்றவர்களுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கித் தருகிற சந்தோஷத்தை ஒரு பில் தாள் கெடுத்தது என்றால் எனக்கு எரியாதா?

சரி, 10 சதவீதம் வாங்குகிறார்களே, அதற்கு என்ன செய்கிறார்கள்? வாசலில் நின்று எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். மேஜையைக் கை காட்டுகிறார்கள். அப்புறம் க்யூஆர் குறியீட்டை நானே ஸ்கேன் செய்ய வேண்டும், நானே தேட வேண்டும், காரம் குறைவாக வேண்டும் என்றால் நானே தட்டச்சு செய்ய வேண்டும். கரண்டி மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தண்ணீர் மூலையில் ஒரு குழாயில். பணம் கட்ட நானே எழுந்து கவுன்டருக்குப் போக வேண்டும். இப்போது சில இடங்களில் சாப்பாட்டைக் கொண்டு வருவதும் ஒரு ரோபோ வண்டிதான், அது மேஜைப் பக்கத்தில் வந்து நிற்கும், தட்டை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு 10 சதவீதம்! சின்னச் சின்னக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையத்தில் நானே வரிசையில் நின்று, நானே தட்டைச் சுமந்து, 2021 செப்டம்பரிலிருந்து சட்டப்படி நானே தட்டைத் திருப்பியும் வைக்கிறேன், அங்கே யாரும் என்னிடம் சேவைக் கட்டணம் கேட்பதில்லை. தேக்கா உணவங்காடியில் பிரியாணிக்குப் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கொடுத்தால் முடிந்தது. மேக்ஸ்வெல்லில் கோழிச்சோறு, ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் மீ (நூடுல்ஸ்), பக்கத்து காப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி), எங்கே போனாலும் எழுதிய விலைதான் கொடுக்கிற விலை. இந்த உணவங்காடிக் கலாசாரத்தைத்தான் 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒற்றை அடுப்பில் நிற்கும் பெரியவரால் நேர்மையாக விலை எழுத முடிகிறது, மாலில் பெரிய கடை போட்டவரால் முடியவில்லை என்றால் யார் நம்புவது?

அங்கேயே போய்ச் சாப்பிடேன் என்பீர்கள். வாரம் முழுக்க அங்கேதான் சாப்பிடுகிறேன். ஆனால் ஒரு பிறந்தநாள், ஒரு நண்பனின் வழியனுப்பு விழா, வயதானவர்களோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டு சாப்பிடுவது, இதற்கெல்லாம் பிற்பகல் வெயிலில் இடம் தேடி, டிஷ்யூ பாக்கெட் போட்டு நாற்காலி பிடித்து உட்கார முடியாது.

அடுத்து மேஜையில் கேட்காமலே வந்து உட்காருகிற பொருட்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு கிண்ணம், ஊறுகாய் ஒரு கிண்ணம், ஈரத் துடைப்பான் தலைக்கு ஒன்று. புதிதாக வந்தவர் யாராக இருந்தாலும் கடை கொடுக்கும் உபசரிப்பு என்றுதான் நினைப்பார். கடலை 3 வெள்ளி, துடைப்பான் ஒவ்வொன்றும் 50 காசு என்று பில்லில் வரும், வேண்டாம் என்று முதலிலேயே திருப்பி அனுப்பினால்தான் தப்பிக்கலாம். அந்தத் துடைப்பானுக்கும் 10 சதவீதம் சேவை, அதற்கு மேல் 9 சதவீதம் வரி. தண்ணீரும் அப்படித்தான். குழாயில் நேரடியாகப் பிடித்துக் குடிக்கக்கூடிய சுத்தமான தண்ணீர் ஓடும் ஊர் இது. அப்படியிருந்தும் சில கடைகளில் சாதாரணத் தண்ணீர் தரமாட்டோம், பாட்டில்தான் என்கிறார்கள், சில கடைகளில் ஒரு கிளாஸுக்கு ஒரு வெள்ளி. நம் ஊரில் எவ்வளவு சின்ன மெஸ்ஸாக இருந்தாலும் இலை போடும் முன்னே தண்ணீர் வந்துவிடும். இங்கிலாந்தில் மது விற்க உரிமம் பெற்ற இடங்கள் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே தாகத்துக்கும் இரண்டு கூட்டல்.

மதுவைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. இந்த ஊரில் அதற்கு வரி அதிகம் என்பது தெரிந்ததுதான். பீரில் இருக்கும் தூய ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி எக்சைஸ் வரி, அதாவது 5 சதவீத பீர் அரை லிட்டர் என்றால் அந்த வரி ஒன்றரை வெள்ளி. ஆனால் கிளாஸ் 16 வெள்ளி என்று எழுதி 19.18 வாங்குகிறார்கள். இரவு பத்தரைக்கு மேல் கடையில் வாங்கி வெளியே எங்கும் உட்கார்ந்து குடிக்க முடியாது, 2015-லிருந்து சட்டம், அதனால் நண்பர்களோடு உட்கார வேண்டும் என்றால் பார் தவிர வழியில்லை. அங்கே ஆளுக்கு ஆள் தான் குடித்ததைக் கூட்டிப் பணம் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள், கடைசியில் இருப்பவன் தலையில் அந்த 20 சதவீதம் விழும்.

இதையெல்லாம் விட என்னைக் கொதிக்க வைப்பது வேறு. அந்த 10 சதவீதம் பரிமாறுகிறவருக்குப் போகிறது என்று நம்பித்தான் நான் இத்தனை காலம் முணுமுணுக்காமல் கட்டினேன். ஒரு கடையில் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி பைக்கில் வரும் ஒரு தமிழ்த் தம்பி வேலை பார்க்கிறார், நன்றாகப் பேசுவார். கேட்டேன். “அது எல்லாம் கம்பெனிக்குப் போவும்ணே, நமக்கு சம்பளம் மட்டும்தான்” என்றார், குரலைத் தாழ்த்தி. அவருக்குப் பயம், வேலை அனுமதியே அந்த முதலாளி கையில். சிங்கப்பூரில் சேவைக் கட்டணத்தை ஊழியருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அது கடையின் வருமானம். சில கடைகள் பகிர்ந்து கொடுக்கின்றன, நல்லது, ஆனால் கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் மறுபடி எல்லையில் குடிநுழைவுச் சோதனை வரிசையில் நிற்கப் போகிறவர் பெயரைச் சொல்லி என்னிடம் வாங்கிய பணம் அவருக்கே போகாது என்றால் அது எந்த ஊர் நியாயம்? பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. அங்கெல்லாம் உணவகங்கள் மூடிப்போய்விடவில்லை.

வாடகை அதிகம், ஆள் கிடைப்பதில்லை, கடை நடத்துவது கஷ்டம் என்று வாதாடுவார்கள். ஒப்புக்கொள்கிறேன், வாடகை கொடூரம்தான். அப்படியென்றால் 20 வெள்ளி தட்டுக்கு 24 என்று எழுதுங்கள், பிடித்தால் சாப்பிடுகிறேன், இல்லையென்றால் போகிறேன். விலையை ஏற்றாதே என்று நான் கேட்கவே இல்லை. எல்லாம் சேர்த்த ‘நெட்’ விலை போட்டு நடத்துகிற கடைகளும் இதே ஊரில் இருக்கின்றன, அவர்களும் இதே வாடகைதான் கொடுக்கிறார்கள்.

உனக்கென்ன, வெளியூர்க்காரன், பிடிக்காவிட்டால் போ என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. நான் இங்கே உழைத்து, இங்கே வரி கட்டி, இங்கேயே சாப்பிடுகிறேன். இது உள்ளூர்க்காரருக்கும்தான் வலிக்கிறது, என் அலுவலகத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்னைவிட மோசமாகத் திட்டுகிறார்கள். உணவகங்களுக்குக் கொடுத்த அந்த விலக்கை அரசு எடுக்க வேண்டும், வாங்கும் சேவைக் கட்டணத்தில் ஊழியருக்கு எவ்வளவு போகிறது என்று பில்லிலேயே அச்சடிக்கச் சொல்ல வேண்டும். அது நடக்கும் வரை நான் வாசலிலேயே கேட்கப் போகிறேன், ‘நெட்டா, பிளஸ் பிளஸ்ஸா’ என்று, சத்தமாக, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. நீங்களும் கேளுங்கள்.